பட்டியலில் இல்லாத யூனிட்

பிள்ளைகளே, வீடியோ கான்ஃபரன்ஸ் பெட்டிக்குள்ளேயே இருக்கும் கேட்கீப்பரை எப்படி அமைப்பது என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி உங்கள் மேனேஜர் ஆள் அனுப்பியிருந்தார். எந்த மெனு, எந்தப் பட்டன், எந்தக் கட்டத்தில் டிக் என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டைப் படிக்காமல் என்னிடம் வந்து கேட்பவனுக்கு வேலையில் இருந்தபோதே நான் பதில் சொன்னதில்லை, இப்போது மட்டும் சொல்வேனா? ஆனால் கையேட்டில் இல்லாத ஒரு விஷயம் என்னிடம் இருக்கிறது. படித்து முடித்ததும் என் மேல் உங்களுக்கு இருக்கும் மரியாதை குறையும். குறையட்டும், பரவாயில்லை.

இரண்டாயிரத்துகளின் நடுவில் நடந்தது இது. திருப்பூரில் அப்போது வீடியோ கான்ஃபரன்ஸ் பெட்டி வைத்திருந்த கம்பெனிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் அதுவரை இன்டர்காமும் ஃபேக்ஸ் மிஷினும் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன். ஒரு வாரம் சென்னையில் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வந்து இறங்கியபோது, இந்த ஊரில் அந்தப் பெட்டியைத் தொடத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்ற நினைப்பு தலைக்கேறியிருந்தது. அந்த நினைப்பு எத்தனை பேர் தலையில் விடியப்போகிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

நான் பார்த்துக்கொண்ட பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று. ஹெட் ஆபீஸ் ஊருக்குள். நிட்டிங் நெருப்பெரிச்சலில், தையல் அனுப்பர்பாளையத்தில். உடுமலைப்பேட்டை தாண்டி தென்னந்தோப்புகளுக்கு நடுவே புதிதாக ஒரு தையல் யூனிட் போட்டிருந்தார்கள். நாலு இடத்துக்கும் நாலு பெட்டி. ஹெட் ஆபீஸ் பெட்டிதான் பெரியது. கேட்கீப்பர் அதற்குள்ளேயே இருந்தது, தனி மிஷின் கிடையாது.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கேட்கீப்பர் என்றால் கம்பெனி கேட்டில் நோட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பெட்டிகள் ஆன் ஆனதும் முதலில் அதனிடம் வந்து பேரைச் சொல்லிப் பதிந்துகொள்ள வேண்டும். பதிந்தவர்கள்தான் யாரையும் கூப்பிட முடியும். யாரை உள்ளே விடலாம், யார் யாரோடு பேசலாம் என்று அதற்கு நாம் சொல்லிவைக்கிறோம். சொன்னதை அது செய்யும். ஏன் சொன்னாய் என்று கேட்காது.

முதலில் நான் யாரையும் தடுக்காமல்தான் வைத்திருந்தேன். நெருப்பெரிச்சல்காரர்கள் ஒருநாள் கேமராவை டிவி பக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள். டிவியில் கிரிக்கெட். அதை அனுப்பர்பாளையத்தில் பதினைந்து பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், சிக்ஸருக்கு விசில் வேறு. சாம்பிள் பார்க்கலாம் என்று முதலாளி ஹெட் ஆபீஸிலிருந்து கூப்பிட்டால் லைன் கிடைக்கவில்லை. அவர் கோபத்திலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார், அதுதான் நமக்கு இன்னும் பயம்.

"ஏனுங்க மணி, நான் கம்பெனி நடத்தறனா, சந்தை நடத்தறனுங்களா? யூனிட்டுக்காரங்க எங்கூட மட்டும் பேசற மாதிரி பண்ணிப்போடுங்க. அது போதுமுங்க."

அது போதும் என்றுதான் சொன்னார். யூனிட்கள் ஹெட் ஆபீஸை மட்டும் கூப்பிடலாம் என்று ஒரு விதி போட்டால் முடிந்தது. நான் அதோடு நிற்கவில்லை. முதலாளி கேட்டதற்கு மேல் செய்து காட்டினால் பேர் கிடைக்குமே! பட்டியலில் இருக்கும் பெட்டிகளைத் தவிர வேறு எதையும் பதியாதே என்று கேட்கீப்பரைப் பூட்டினேன். பட்டியலில் வெறும் பேரை மட்டும் போடவில்லை. இந்தப் பேர் உள்ள பெட்டி இந்த ஊர் லைனிலிருந்து வந்தால்தான் செல்லும் என்று முகவரியையும் சேர்த்துக் கட்டினேன். கம்ப்யூட்டர் வழியாக உள்ளே போய் மாற்றும் வசதியையும் அணைத்துவிட்டேன். இனி எதை மாற்றுவதென்றாலும் ஹெட் ஆபீஸில் பெரிய டிவிக்கு முன்னால் நின்று, ரிமோட்டில் பாஸ்வேர்டு போட்டு, டிவியிலேயே மெனுவைத் திறந்துதான் மாற்ற வேண்டும். பாஸ்வேர்டு என் மண்டைக்குள் மட்டும். ஒரு தாளில் எழுதி ஆபீஸில் கொடுத்துவைக்கத் தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். தோன்றியது. கொடுத்துவிட்டால் அப்புறம் என்னை எதற்குக் கூப்பிடுவார்கள் என்றும் தோன்றியது.

இனி எஸ்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். பதினாறு வயதில் திருப்பூருக்கு வந்து, பிசிறு வெட்டுவதில் ஆரம்பித்து, செக்கிங் மேஜைக்கு ஏறி, லைன் சூப்பர்வைசராகி, உடுமலை யூனிட் ஆரம்பித்தபோது அதற்குப் பொறுப்பாக அனுப்பப்பட்டவள். அங்கே முப்பத்திரண்டு பெண்கள். தேங்காய் மட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவர்களை உட்காரவைத்து ஓவர்லாக் அடிக்கப் பழக்கியது அவள்தான். அந்த யூனிட்டைத் தன் சொந்த வீடு மாதிரி பேசுவாள். பெட்டியை மாட்டுவதற்கு நான் போயிருந்தபோது கூடவே நின்று, எந்த ஒயர் எந்த ஓட்டைக்கு என்று கலர் பென்சிலில் படம் வரைந்து எடுத்துக்கொண்டாள். நான் சிரித்தேன். "சிரிக்காதீய மணியண்ணே, நாளைக்கி நீங்க வர முடியாம போச்சுன்னா நான் யாரைப் போயி கேப்பேன்?" என்றாள்.

அந்த யூனிட்டுக்கு வேலை வேண்டும். குழந்தைகள் இரவு உடை ஆர்டர் ஒன்று வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து வருவதாக இருந்தது. வந்தால் யூனிட் நிலைக்கும், வராவிட்டால் மூடுவது என்று முதலாளி முடிவெடுத்திருந்தார். அதில் ஒரு சிக்கல். எங்கள் கம்பெனி யூனிட் கணக்கு காட்டிவிட்டு, வேலையை வெளியில் சின்னச் சின்ன வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது என்று யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆர்டர் தருகிற அந்தக் கம்பெனி மேடம் சொல்லிவிட்டார்: உடுமலையில் யூனிட் இருப்பது உண்மையானால் அதை நேரடியாகக் கேமராவில் காட்டுங்கள், பொறுப்பாளரோடு நான் பேச வேண்டும், இன்ன தேதி மதியம் மூன்று மணி. வேறு நாள் கேட்டால் அந்தப் பேச்சே சந்தேகத்தை வளர்க்கும் என்று நடுவில் இருந்த ஏஜென்சிக்காரர் எச்சரித்தார்.

அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் உடுமலையில் இடி மழை. பெட்டி புகைந்துபோய்விட்டது. எங்கள் ஊரில் இதற்கெல்லாம் யாரும் மலைத்துப்போய் உட்கார மாட்டார்கள். ஷிப்மென்ட் நெருக்கடி என்றால் ஒரு யூனிட் மிஷினைத் தூக்கி டெம்போவில் போட்டு இன்னொரு யூனிட்டில் இறக்குவது இங்கே தினசரி சோலி. ஓவர்லாக் மிஷின் நெருப்பெரிச்சலில் இருந்தாலும் தைக்கும், உடுமலையில் இருந்தாலும் தைக்கும். அதே கணக்கில் நெருப்பெரிச்சல் பெட்டியை, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமம் அழியாமல், நாலு தையல் மிஷினுக்கு நடுவில் வைத்து உடுமலைக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஒருத்திக்குத் தோன்றியது. முந்தின நாள் மதியம் எஸ்தர் போன் செய்தாள். நான் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"மணியண்ணே, நெருப்பெரிச்சல் பெட்டியை இங்க கொண்டாந்து இறக்கிட்டாவ. நாளைக்கிதான் மேடம் பாக்காவ. நான் ஏதும் மாத்தணுமாண்ணே?"

"ஒண்ணும் வேண்டாம் அம்மிணி. லைன் விவரம் பழைய பெட்டியில என்ன போட்டிருந்தமோ அதையே போட்டு, ஒயரை மாட்டுனாப் போதும்."

"வேற ஒண்ணுமில்லியே?"

"அதான் சொன்னனல்ல! ரசம் ஓடுது இலையில, வெச்சுரு போனை."

நான் கட்டிய பூட்டு எனக்கே மறந்துவிட்டது. லைனை மாற்றினாலும் பெட்டிக்குள் இருக்கும் பேர் நெருப்பெரிச்சல்தான்; அந்தப் பேரோடு உடுமலை லைனிலிருந்து ஒரு பெட்டி வந்தால் என் கேட்கீப்பர் அதைத் திருப்பி அனுப்பிவிடும். நானும் திருப்பூர்க்காரன்தானே, மிஷின் எங்கே போனாலும் தைக்கும் என்ற நினைப்பிலேயே பதில் சொல்லிவிட்டேன். இதுவரைக்கும் நடந்தது வெறும் மறதி. மறதிக்கு மன்னிப்பு உண்டு. இதற்கு மேல் நடந்ததற்கு நான் இன்னும் மன்னிப்பு தேடிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் மூன்று மணிக்கு ஹெட் ஆபீஸ் மீட்டிங் ரூமில் முதலாளி, ஏஜென்சிக்காரர், நான். வெளிநாட்டு மேடம் தனி லைனில் சரியான நேரத்துக்கு வந்து டிவியில் உட்கார்ந்திருந்தார், கையில் ஒரு பேனா. இனி உடுமலை கூப்பிட வேண்டும், நான் இரண்டு படத்தையும் சேர்க்க வேண்டும். உடுமலை வரவில்லை. மேஜை போன் அடித்தது. ரிசீவரை நான் எடுத்தேன்.

"மணியண்ணே, டிவியில செவப்பு எழுத்தா வருது. ரிஜிஸ்ட்ரேஷன் ரிஜெக்டட்னு போட்டிருக்கு. எத்தன தடவ அமுக்கினாலும் அதேதான்."

ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. பந்தி, ரசம், பட்டியல், பூட்டு, எல்லாம்.

பிள்ளைகளே, இதைக் கவனமாகப் படியுங்கள். அந்த இடத்தில் செய்ய வேண்டியது இரண்டு நிமிட வேலை. "ஒரு நிமிஷமுங்க, நான் போட்ட செட்டிங்ல தப்பிருக்குது, மாத்திடறேன்" என்று சொல்லி, மெனுவைத் திறந்து, பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. ஆனால் மெனு திறப்பது மேடம் தெரியும் அதே டிவியில்தான். நெருப்பெரிச்சல் பேரை நெருப்பெரிச்சல் லைனோடு கட்டிப்போட்ட பட்டியல் முதலாளி கண் முன்னால் விரியும். இது என்ன பட்டியல், இதை யார் போடச் சொன்னது என்று கேட்பார். ஏஜென்சிக்காரர் விவரம் தெரிந்த ஆள், படித்தவுடனே புரிந்துகொள்வார். ஊரில் ஒருத்தனுக்குத்தான் தெரியும் என்ற பேர் அந்த ரூமிலேயே செத்துப்போகும்.

அதனால் நான் போனில் சொன்னேன்: "ஒயரைக் கழட்டி மாட்டிப் பாரு அம்மிணி."

அவள் கழற்றி மாட்டினாள். வரவில்லை. இன்னொரு ஒயரை மாட்டச் சொன்னேன். வரவில்லை. பெட்டியை அணைத்துப் போடச் சொன்னேன். நான் இந்தப் பக்கம் ஹெட் ஆபீஸ் பெட்டிக்குப் பின்னால் குனிந்து, தேவையே இல்லாமல் ஒயர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் ஏதாவது காரணத்துக்காக ஐந்து நிமிடம் எழுந்து போனால் மெனுவைத் திறந்துவிடலாம், முதலாளியை எப்படியாவது வெளியில் அனுப்பலாம் என்று கணக்குப் போட்டேன். அந்த அம்மா அசையவில்லை. முதலாளி நெற்றியைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை நனைந்துபோனது.

"என்னாச்சுங்க மணி?"

"அந்தப் பக்கம் என்னமோ தகராறுங்க. பாத்துட்டு இருக்கறாங்க."

அந்தப் பக்கம். எவ்வளவு லேசாக வந்தது அந்த வார்த்தை! நாற்பது நிமிடம் இப்படிப் போனது. கடைசியில் மேடம் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு லைனை வைத்தார். ஏஜென்சிக்காரர் எழுந்தார். கதவருகில் நின்று முதலாளியிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

"அவங்க என்ன நெனைப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும் சார். அந்த யூனிட்லேர்ந்து கூப்பிட முயற்சி பண்ணாங்கங்கறதுக்கு ஏதாவது ரெக்கார்டு இருந்தா இன்னைக்கே அனுப்புங்க. நான் பேசிப் பாக்கறேன்."

முதலாளி அவரை வழியனுப்பக் கீழே போனார். நான் கதவைச் சாத்திக்கொண்டு மெனுவைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது கேட்கீப்பரின் பதிவு. உடுமலை லைனிலிருந்து வந்தது, மறுக்கப்பட்டது, நேரம் இன்னது. மூன்று அடித்து இரண்டு நிமிடத்திலிருந்து வரிசையாகப் பதினாறு வரி. பதினாறு தடவை அவள் கதவைத் தட்டியிருக்கிறாள். ஏஜென்சிக்காரர் கேட்ட ரெக்கார்டு இதைவிடச் சுத்தமாக எங்கே கிடைக்கும்? இதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருந்தால் போதும். யூனிட் இருக்கிறது, அழைத்திருக்கிறது, எங்கள் பெட்டிதான் மறுத்திருக்கிறது என்று பச்சைப் பிள்ளைக்கும் புரியும். யார் செட்டிங்கால் மறுத்தது என்பதும் புரியும்.

நான் பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. உடனே உடுமலை டிவியில் வந்தது.

ஹால் முழுக்கக் கோலப்பொடியில் பார்டர் போட்டிருந்தார்கள். முப்பத்திரண்டு பெண்களும் விசேஷத்துக்குக் கட்டுகிற சேலையில், தலை நிறையப் பூவோடு, மிஷினுக்கு முன்னால் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் எஸ்தர். முகமெல்லாம் வியர்வை. ஆனாலும் படம் வந்ததைப் பார்த்ததும் சட்டென்று சிரித்துக் கையைக் கூப்பினாள்.

"குட் ஆஃப்டர்நூன் மேடம். வெல்கம் டு அவர் யூனிட். மை நேம் இஸ் எஸ்தர். வீ ஆர் தர்ட்டி டூ உமன்..."

காலி ரூமில் நான் ஒருத்தன் நின்று அதைக் கேட்டேன். எத்தனை நாள் மனப்பாடம் செய்தாளோ. பின்னால் இருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து கை ஆட்டினார்கள்.

"எஸ்தரு... மேடம் போயிட்டாங்க அம்மிணி."

கூப்பிய கை அப்படியே நின்றது. "போயிட்டாவளா? எப்பண்ணே? இப்ப வந்திருச்சே! கூப்பிடுங்கண்ணே, மறுபடி கூப்பிடுங்க!"

அதற்குள் முதலாளி உள்ளே வந்துவிட்டார். டிவியில் படத்தைப் பார்த்ததும் அவருக்கு வந்த கோபத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. முதல் தடவையாக 'ங்க' இல்லாமல் பேசினார். "இப்ப வருது! எல்லாம் போனப்பறம் வருது! என்ன பண்ணித் தொலைச்சே அங்க?"

"நான் மணியண்ணன் சொன்னபடிதான் சார் மாட்டினேன்" என்றாள் எஸ்தர்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். அவளும் டிவியிலிருந்து என்னைப் பார்த்தாள். காட்டிக் கொடுக்கிற பார்வை இல்லை அது. நான் நல்ல வார்த்தை சொல்லுவேன் என்று நம்பிக் காத்திருக்கிற பார்வை.

"நான் சொன்னது சரிதானுங்க..." என்றேன். "மாட்டுனதுலதான்..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டால் பொய் சொன்ன கணக்கில் வராது என்று அப்போது ஒரு நினைப்பு. எஸ்தர் குனிந்து கையில் இருந்த ஒயரைப் பார்த்தாள்.

"ஏதாச்சும் ரெக்கார்டு இருக்குங்களா மணி? அவர் கேக்கறாரு" என்றார் முதலாளி, என்னிடம் மட்டும் மறுபடி மரியாதை வந்திருந்தது.

"இதுல ரெக்கார்டெல்லாம் நிக்காதுங்க. ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடறேன், அப்பத்தான் லைன் சுத்தமாகும்."

அந்தப் பெட்டியின் பதிவு கரண்ட் இருக்கும் வரைதான் இருக்கும். அணைத்தால் அழிந்துவிடும். அது தெரியாமல் நான் அணைத்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. தெரிந்தேதான் அணைத்தேன். பதினாறு வரியும் போனது, கூடவே டிவியில் இருந்த எஸ்தரின் முகமும் போனது. முதலாளி என் தோளில் கை வைத்து, "நீங்க இருந்ததால இதாச்சும் சரியாச்சுங்க. வாங்க, காப்பி குடிக்கலாம்" என்றார். நான் போய்க் குடித்தேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விட்டது. எஸ்தரைப் பொறுப்பிலிருந்து இறக்கி அனுப்பர்பாளையம் செக்கிங் மேஜைக்குப் போகச் சொன்னார்கள். அவள் ஒரு வாரத்தில் வேலையை விட்டு நின்றுவிட்டாள். பொங்கலுக்கு முன்னால் யூனிட்டை மூடினார்கள். பெட்டியைக் கழற்றிக்கொண்டு வர என்னைத்தான் அனுப்பினார்கள், வேறு யாருக்குத் தெரியும்? மிஷின்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெட்டி இருந்த மேஜைக்கு மேல் சுவரில் எஸ்தர் கலர் பென்சிலில் வரைந்த படம் பசை போட்டு ஒட்டியிருந்தது. பச்சை ஒயர் இங்கே, மஞ்சள் ஒயர் அங்கே. நின்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒரு தப்பு இல்லை. வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். "மறுக்கா எப்பங்ணா தொறப்பீங்க?" என்று என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.

அதன் பிறகு முதலாளியிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது, போன ஆர்டர் வரவா போகிறது என்று மனசு ஒரு சமாதானம் சொல்லும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுத்தது, அவ்வளவுதான். அதற்கு மேல் அது ஒன்றும் செய்யவில்லை. நான் செய்த ஒரே காரியம், எல்லா கம்பெனிகளிலும் பாஸ்வேர்டையும் பட்டியலையும் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்ததுதான். நீங்களும் அதைச் செய்யுங்கள். கேட்காத பூட்டைப் போடாதீர்கள். போட்ட பூட்டு தப்பென்றால், யார் உட்கார்ந்திருந்தாலும் சரி, அவர்கள் கண் முன்னாலேயே மெனுவைத் திறங்கள். இரண்டு நிமிடம் அசிங்கப்படுவீர்கள்.

எட்டு வருஷம் கழித்து, அனுப்பர்பாளையத்தில் ஒரு சின்ன யூனிட்டில் இன்டர்காம் பேசவில்லை என்று கூப்பிட்டார்கள். பாத்திரப் பட்டறைகளுக்கு நடுவில் ஒரு ஷெட். உள்ளே நுழைந்தால் செக்கிங் மேஜையிலிருந்து ஒரு குரல்.

"மணியண்ணே தானே?"

எஸ்தர். இளைத்திருந்தாள், முன்னந்தலையில் நரை. டீ வாங்கி வரச் சொல்லி, தன் ஸ்டூலை எனக்குப் போட்டுவிட்டு நின்றுகொண்டே பேசினாள். கல்யாணம் ஆகி ஒரு மகள் இருக்கிறாள் என்றாள். கோபம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"அன்னைக்கி உங்க பேரையும் கெடுக்கப் பாத்தேன்லா அண்ணே. நீங்க சரியாத்தான் சொன்னீய. நான்தான் பதட்டத்துல எந்த ஒயரயோ மாத்தி மாட்டிட்டேன். முப்பத்திரண்டு பொம்பளையளோட பொழப்பு என் கையால போச்சு." சட்டையைத் திருப்பித் தையலைப் பார்த்தபடியே சொன்னாள். "அதுக்கப்புறம் நான் ஒரு பிளக்கைத் தொடுததில்ல. வீட்டுல மிக்ஸி ஒயரக்கூட எம்மவதான் மாட்டுவா. சின்னப்பிள்ள, அவ கையே எட்டாது. ஆனா நான் தொட மாட்டேன்."

டீயைக் கீழே வைத்தேன். சொல்லிவிட்டேன். பட்டியல், பூட்டு, இரண்டு நிமிடம், பதினாறு வரி, நான் அணைத்தது, ஒன்றையும் மறைக்கவில்லை.

அவள் கையில் இருந்த சட்டை அப்படியே நின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நான் மாட்டினது சரிதானாண்ணே?"

"சரிதான் அம்மிணி. எல்லாமே சரி."

"பச்ச ஒயரு?"

"அதுவும் சரிதான்."

சட்டையை மேஜையில் வைத்தாள். பிறகு பக்கத்து மேஜைகளைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏட்டி, எல்லாரும் இங்க வாங்க. இந்த அண்ணன் ஒண்ணு சொல்லுதாவ, கேளுங்க." ஏழெட்டுப் பெண்கள் வேலையை விட்டு வந்து சுற்றி நின்றார்கள். உடுமலையை அவர்கள் யாரும் பார்த்தது கிடையாது. எஸ்தர் என்னைப் பார்த்து, "சொல்லுங்கண்ணே, முதல்லேர்ந்து" என்றாள். நான் முதலிலிருந்து சொன்னேன். முடித்ததும் ஒவ்வொருத்தியாகத் தன் மேஜைக்குப் போனார்கள்.

எஸ்தர் தன் மேஜை ஓரத்தில் இருந்த அயர்ன் பாக்ஸின் ஒயரைக் கையில் எடுத்தாள். பிளக்கைச் சுவர் ஸ்விட்ச் போர்டு வரைக்கும் கொண்டு போனாள். ஓட்டைக்கு நேராகப் பிடித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் நீட்டினாள்.

"நீயே மாட்டிரு பிள்ள."